சீக்கிரமே ரிட்டயர் ஆகணுமா? முதல்ல வீட்டுச் செலவு நோட்டைத் திறங்க!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மறுநாள் ஆபீஸுக்கு சட்டையை அயர்ன் செய்துகொண்டிருக்கும்போது பலருக்கும் தோன்றும் கேள்வி இது: ‘இன்னும் எத்தனை வருஷம் இப்படியே ஓடணும்?’ பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தயார் பதில் ஒன்று உண்டு. 58 அல்லது 60 வயது வரை.

‘அந்த வயதை கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டுமா? கையில் இருக்கும் சேமிப்பு முடிவு செய்யக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் பின்பற்றும் வழிமுறைக்கு ‘ஃபயர்’ என்று பெயர். ‘ஃபைனான்ஷியல் இண்டிபெண்டன்ஸ், ரிட்டயர் எர்லி’ என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவான சொல். நிதிச் சுதந்திரம் பெற்று, முன்கூட்டியே ஓய்வு பெறுவது என்று பொருள்.

சமூக வலைதள வீடியோக்களில் இது 35 வயதில் வேலையை விட்டுவிட்டு கோவாவில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருப்பவரின் கதையாகத்தான் வருகிறது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பெற்றோரின் மருந்துச் செலவு என்று வாழும் சாதாரணக் குடும்பத்துக்கு இது சரிப்பட்டு வருமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கே தொடங்கியது?

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. வால் ஸ்ட்ரீட்டில் நிதி ஆய்வாளராக இருந்த ஜோ டொமிங்கஸ், 1969-ல் தன் 31-வது வயதில் வேலையை விட்டார். அவரும் விக்கி ராபினும் சேர்ந்து 1992-ல் ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அதன் மையக் கருத்து எளிமையானது: பணம் என்பது வாழ்நாளின் ஒரு பகுதியை விற்று வாங்குவது. அதனால், ஒரு பொருளை வாங்கும்போது அதற்காக வாழ்நாளில் எத்தனை மணி நேரத்தைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

1994-ல் வில்லியம் பெங்கன் என்ற கலிஃபோர்னியா நிதி ஆலோசகர், இந்தக் கருத்துக்குத் தேவைப்பட்ட எண்ணைக் கொடுத்தார். 1926 முதலான அமெரிக்கப் பங்குகள், அரசுக் கடன் பத்திரங்களின் வரலாற்றை வைத்து அவர் கணக்குப் போட்டார். ஓய்வுபெறும் முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 சதவிகிதம் எடுக்கலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படி எடுத்தாலும் பணம் 30 ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடித்திருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. டெக்சாஸில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே அமைந்தது.

4 சதவிகிதம் என்பதைத் திருப்பிப் போட்டால், ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு. ‘25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும்’ என்ற விதி இப்படித்தான் பிறந்தது. பீட் அடெனி என்ற சாஃப்ட்வேர் இன்ஜினீயர் 2005-ல், 30 வயதில் ஓய்வுபெற்று, 2011 முதல் தன் சிக்கன வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் எழுத ஆரம்பித்தார். அதன்பின் இந்த யோசனை உலகமெங்கும் பரவியது.

25 மடங்கு இங்கே போதுமா?

போதாது என்பதே பாதுகாப்பான பதில். பெங்கனின் கணக்கு அமெரிக்கச் சந்தையை வைத்து, 30 ஆண்டுகளுக்குப் போட்டது. இங்கே 50 வயதில் ஒருவர் வேலையை விட்டு, அவரோ அவர் மனைவியோ 90 வயது வரை வாழ்ந்தால், அந்தப் பணம் 40 ஆண்டுகளுக்கு வர வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே 4 சதவிகிதம். மேலே 6 வரை போக இடம் உண்டு. ஸ்கூல் ஃபீஸும் ஆஸ்பத்திரி பில்லும் எவ்வளவு வேகமாக ஏறுகின்றன என்பதைக் குடும்பம் நடத்துபவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

72 என்ற எண்ணைப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக ஆகும் காலம் கிடைக்கும். 6 சதவிகிதம் என்றால் 12 ஆண்டுகள். இன்று 50,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 12 ஆண்டுகளில் 1 லட்சமும், 24 ஆண்டுகளில் 2 லட்சமும் தேவைப்படும். எனவே, இந்தியாவில் 30 முதல் 40 மடங்கு வரை வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையில் நடுவாக 35 மடங்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதாவது, ஆண்டுக்கு 3 சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவாக மட்டுமே எடுத்துச் செலவு செய்வது.

ஒரு கோவைக் குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு, கோவையில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வயது 34. பம்ப் செட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. கையில் வருவது 75,000 ரூபாய். மனைவிக்கு 32 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் 25,000 ரூபாய். யு.கே.ஜி படிக்கும் ஒரு குழந்தை. வாடகை வீடு.

‘மாசம் எவ்வளவு செலவாகுது?’ என்று கேட்டால், இருவரும் சட்டென்று சொல்வது, ‘ஒரு நாப்பத்தஞ்சு ஆகும்’. நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தால், நிலவரம் வேறு:

வாடகை - 14,000 ரூபாய்
மளிகை, காய்கறி, பால், கேஸ் - 14,000 ரூபாய்
ஸ்கூல் ஃபீஸ், வேன் - 8,000 ரூபாய்
பெட்ரோல், கரன்ட் பில், போன், இன்டர்நெட் - 6,000 ரூபாய்
ஊரில் இருக்கும் பெற்றோருக்கு - 5,000 ரூபாய்
இன்ஷூரன்ஸ் பிரீமியம் - 3,000 ரூபாய்
ஹோட்டல், துணிமணி, டாக்டர், மொய், பண்டிகை, பயணம் - 10,000 ரூபாய்

மொத்தம் 60,000 ரூபாய். அந்த 15,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ், ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பிரீமியம், தீபாவளித் துணி, ஆவணி முகூர்த்தங்களின் மொய் எதுவும் மாதாந்திரக் கணக்கில் கண்ணில் படுவதில்லை. ஆண்டு முழுவதற்கும் எழுதி, 12-ஆல் வகுத்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

இந்த 60,000-ல் ஸ்கூல் ஃபீஸ் கடைசி வரை வரப்போவதில்லை. அதைக் கழித்தால் ஆயுள் முழுக்கத் தொடரும் செலவு மாதம் 52,000, ஆண்டுக்கு 6.24 லட்சம் ரூபாய். 35-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.18 கோடி ரூபாய். இதுதான் அந்தக் குடும்பத்தின் ‘ஃபயர்’ தொகை.

இது இன்றைய விலைவாசியில் சொன்ன தொகை. 24 ஆண்டுகள் கழித்து, 6 சதவிகிதப் பணவீக்கத்தில் இதே வாங்கும் சக்திக்கு நான்கு மடங்கு, அதாவது 8.7 கோடி ரூபாய் தேவைப்படும். ‘2 கோடி சேர்த்துட்டேன், போதும்’ என்று 24 ஆண்டுகள் கழித்துச் சொன்னால் அது தப்புக் கணக்கு.

58-ஆ... இதற்கா இத்தனை பாடு?

சம்பளத்தில் 60,000 போக மீதம் 40,000. கம்பெனியும் ஊழியரும் சேர்ந்து போடும் பி.எஃப் மாதம் 8,000. குழந்தையின் கல்லூரிப் படிப்புக்கு 8,000 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்துவிட்டால், ஓய்வுக்கென்று மிஞ்சுவது மாதம் 40,000. ஏற்கெனவே கையிருப்பு 12 லட்சம்.

முதலீட்டின் வருமானம், பணவீக்கத்தைவிட 4 சதவிகிதம் கூடுதலாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். பணவீக்கம் 6 என்றால், வருமானம் 10 சதவிகிதம். சேமிக்கும் தொகையும் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பக் கூட வேண்டும். இத்தனையும் நடந்தால், 2.18 கோடிக்குச் சமமான தொகை சேர 24 ஆண்டுகள் ஆகும். கணவருக்கு அப்போது 58 வயது!

‘கம்பெனியே 58-ல் அனுப்பிவிடும். அதற்கு எதற்கு இத்தனை கணக்கு?’ என்று சிரிப்பு வரும். ஆனால், அடுத்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

மாதச் செலவில் 5,000 ரூபாய் குறைந்து, அது சேமிப்புக்குப் போனால்: 55 வயது.

அதோடு, மனைவியின் வருமானம் 10,000 ரூபாய் கூடி, அதுவும் முழுமையாகச் சேமிப்புக்குப் போனால்: 52 வயது.

5,000 ரூபாய்க்கு ஏன் மூன்று ஆண்டுகள் குறைகின்றன? செலவைக் குறைப்பது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. சேமிப்பு கூடுகிறது, அதே நேரம் எட்ட வேண்டிய தொகையும் குறைகிறது. மாதம் 1,000 ரூபாய்ச் செலவைக் காலம் முழுவதும் தாங்குவதற்கு 12,000 பெருக்கல் 35, அதாவது 4.2 லட்சம் ரூபாய் சேர்க்க வேண்டும். யாரும் பார்க்காத ஓ.டி.டி சந்தாக்கள், ஆட்டோ டெபிட்டில் போய்க்கொண்டிருக்கும் ஜிம் கட்டணம் ஆகியவற்றுக்கு அந்த விலை கொடுக்கலாமா என்று யோசிக்கலாம்.

வருமானத்தைவிட, அதில் எத்தனை சதவிகிதம் மிச்சமாகிறது என்பதே காலத்தைத் தீர்மானிக்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் ஒருவர், மேலே சொன்ன அதே அனுமானங்களின்படி 35 மடங்கை எட்ட ஆகும் காலம் இது:

10% சேமித்தால் - 66 ஆண்டுகள்
20% சேமித்தால் - 48 ஆண்டுகள்
30% சேமித்தால் - 37 ஆண்டுகள்
40% சேமித்தால் - 29 ஆண்டுகள்
50% சேமித்தால் - 22 ஆண்டுகள்
60% சேமித்தால் - 17 ஆண்டுகள்

சம்பளம் 40,000 ஆனாலும் 4 லட்சம் ஆனாலும் இந்தப் பட்டியல் மாறாது. ஆனால், 25,000 ரூபாய்ச் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடிப்பதும், 2.5 லட்சத்தில் பாதியை மிச்சம் பிடிப்பதும் ஒன்றல்ல. அரிசி, பருப்பு, வாடகையில் குறைக்க ஓர் எல்லை உண்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் செலவைச் சுருக்குவதைவிட, ஒரு புதிய திறமையைக் கற்று வருமானத்தைக் கூட்டுவதே பெரிய முதலீடு.

எத்தனை மணி நேரத்தின் விலை?

டொமிங்கஸும் ராபினும் சொன்ன ‘வாழ்நாள் கணக்கை’ இந்தக் கணவருக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 75,000. வேலைக்குப் போவதற்காகவே ஆகும் பெட்ரோல், டீ, கேன்டீன் செலவு 5,000 போக, 70,000. தினமும் 9 மணி நேர வேலை, 2 மணி நேரப் பயணம் என மாதம் 25 நாள்கள். மொத்தம் 275 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு அவர் ஈட்டுவது சுமார் 255 ரூபாய்.

25,000 ரூபாய் போன் வாங்கினால், அது கிட்டத்தட்ட 9 நாள் உழைப்பு. பழைய போன் உடைந்துவிட்டதென்றால், 9 நாள் கொடுப்பது நியாயம்தான். கேமரா இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கும் என்பதற்காக 9 நாளைக் கொடுக்கலாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். பெற்றோருடன் திருச்செந்தூர் போய்வர 8,000 ரூபாய் ஆகிறது என்றால், பலரும் அதை யோசிக்காமல் கொடுப்பார்கள். கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் வித்தியாசம் இங்கேதான்.

முழுத் தொகை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

2 கோடி என்ற எண்ணைப் பார்த்ததும், ‘இதெல்லாம் நமக்கு இல்லை’ என்று பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. இந்தப் பாதையில் கடைசிப் படியை எட்டாவிட்டாலும், ஏறிய ஒவ்வொரு படிக்கும் பலன் உண்டு.

முதல் படி: ஆறு மாதச் செலவுக்கான பணம். இந்தக் குடும்பத்துக்கு 3.6 லட்சம். வங்கி எஃப்.டி போல உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். திடீரென்று வேலை போனால் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகாது.

இரண்டாவது படி: வட்டிக் கடன்கள் தீர்வது. கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பல வங்கிகள் மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி போடுகின்றன. அதைக் கட்டிக்கொண்டே 10 சதவிகித வருமானத்துக்கு எஸ்.ஐ.பி போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

மூன்றாவது படி: இரண்டு ஆண்டுச் செலவு. சுயமரியாதையைச் சீண்டும் மேலதிகாரியிடம் ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல முடியும். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் லீவு போட முடியும். மனைவி பி.எட் முடிக்கவோ, சொந்தமாக டியூஷன் சென்டர் வைக்கவோ முடியும்.

நான்காவது படி: பாதித் தொகை. ‘கோஸ்ட் ஃபயர்’ என்று இதைச் சொல்வார்கள். செலவைக் குறைத்து, வருமானத்தைக் கூட்டிய அந்தத் தம்பதி, கணவரின் 44-வது வயதில் இதை எட்டிவிடுவார்கள். பணவீக்கம் போக 4 சதவிகிதம் வளரும் பணம், 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். அதன்பின் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காவிட்டாலும், 62 வயதில் முழுத் தொகையாகிவிடும். 44-லிருந்து அன்றாடச் செலவுக்குச் சம்பாதித்தால் போதும். சம்பளம் குறைந்தாலும் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வேலைக்கு மாறலாம்.

ஐந்தாவது படி: முழுச் சுதந்திரம். வேலைக்குப் போவதும் போகாததும் அவரவர் விருப்பம்.

இவை தவிர, இன்னும் சில பெயர்களையும் கேள்விப்படலாம். மிகக் குறைந்த செலவில் வாழ்ந்து ஓய்வுபெறுவது ‘லீன் ஃபயர்’. வசதி எதையும் குறைக்காமல் ஓய்வுபெறுவது ‘ஃபேட் ஃபயர்’. பெரும்பகுதியைச் சேர்த்துவிட்டு, மீதிக்குப் பகுதிநேர வேலை பார்ப்பது ‘பாரிஸ்டா ஃபயர்’. காபி ஷாப்பில் காபி போட்டுத் தருபவரை ‘பாரிஸ்டா’ என்பார்கள். அமெரிக்காவில் பகுதிநேர ஊழியருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் காபி ஷாப் வேலையை மனதில் வைத்து உருவான பெயர் அது.

எதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது?

‘வீடு 80 லட்சம் போகும், நகை 40 பவுன் இருக்கு, பாதிக் கிணறு தாண்டியாச்சு’ என்று சொல்பவர்கள் உண்டு. குடியிருக்கும் வீடு வாடகையை மிச்சப்படுத்தும். மாதாமாதம் மளிகைக் கடைக்குப் பணம் தராது. மகள் கல்யாணத்துக்கு என்று நினைத்திருக்கும் நகையை விற்கப்போவதில்லை. அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் இருக்கும் பூர்வீக நிலம் எப்போது பிரியும் என்று தெரியாது. மாதாமாதம் வருமானம் தருவதும், தேவைப்படும்போது விற்கத் தயாராக இருப்பதும் மட்டுமே இந்தக் கணக்கில் வர வேண்டும்.

வயது வரும்வரை கைக்கு வராத பணம்

52 வயதில் வேலையை விடுபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஓய்வுக்காலத்துக்கென இருக்கும் பல திட்டங்கள் 60 வயதை மனதில் வைத்தே அமைந்தவை. பி.எஃப்-உடன் வரும் ஓய்வூதியம், குறைந்தது 10 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்கு 58 வயதில்தான் முழுமையாகக் கிடைக்கும். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம். ஆனால், 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகிதம் குறையும். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் பொதுவாக 60 வயது ஆனவர்களே சேர முடியும். பி.பி.எஃப்-க்கு 15 ஆண்டுகள். அதில் ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்கு மேல் போட முடியாது. என்.பி.எஸ்-ல் ஒரு பகுதி பென்ஷனாக மட்டுமே திரும்பி வரும்.

எனவே, மொத்தப் பணம் எவ்வளவு என்பதோடு, 52-லிருந்து 60 வரையிலான எட்டு ஆண்டுகளைக் கடக்கக் கையில் எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஈக்விட்டி ஃபண்டுகளில் சேர்த்திருந்தால் வரியும் உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவிகிதம். இந்த விதிகள் மாறக்கூடியவை. விற்பதற்கு முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஐந்து ஆண்டுகள் முக்கியம்

2008-ல் சென்செக்ஸ் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் சரிந்தது. சேர்த்துக்கொண்டிருப்பவருக்கு அது குறைந்த விலையில் வாங்கக் கிடைத்த வாய்ப்பு. அந்த ஆண்டுதான் வேலையை விட்டு, சேமிப்பை எடுத்துச் சாப்பிடத் தொடங்கியவருக்கு அது பேரிடி. சரிந்த விலையில் யூனிட்டுகளை விற்றுச் செலவு செய்தால், சந்தை மீளும்போது மீள்வதற்கு யூனிட்டுகளே மிஞ்சாது.

இதற்குப் பலரும் கடைப்பிடிக்கும் வழி, பணத்தைப் பானைகளாகப் பிரிப்பது. ஓய்வுபெறும் நாளில், ஐந்து ஆண்டுச் செலவுக்கான தொகை எஃப்.டி, தபால் அலுவலகத் திட்டங்கள் போன்ற பாதுகாப்பான இடங்களில் இருக்க வேண்டும். மீதி, பணவீக்கத்தைத் தாண்டி வளரக்கூடிய பங்கு சார்ந்த முதலீடுகளில் இருக்கலாம். சந்தை சரிந்தால், பாதுகாப்பான பானையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக் காத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரி பில் என்ற பெரிய ஓட்டை

கம்பெனி தரும் குரூப் இன்ஷூரன்ஸ், வேலையை விட்டால் பொதுவாக அதோடு முடிந்துவிடும். 50 வயதுக்கு மேல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தபின் புதிதாகப் பாலிசி கேட்டால் பிரீமியம் கூடும்; சிலருக்குப் பாலிசியே மறுக்கப்படலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலமும் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும் 30-களிலேயே, கம்பெனி பாலிசி இருந்தாலும், குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிட வேண்டும். சேமிப்பு முழுமை அடையும்வரை, சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸும் அவசியம். ஓர் ஆபரேஷனோ, ஒரு விபத்தோ 20 ஆண்டு உழைப்பைக் கரைத்துவிடக் கூடாது.

இன்னோர் ஓட்டை, அவசரம். ‘சீக்கிரம் ரிட்டயர் ஆகலாம்’ என்ற ஆசையைத்தான் மோசடிக்காரர்களும் தூண்டிலில் மாட்டுகிறார்கள். மாதம் 3 சதவிகிதம், 5 சதவிகிதம் உறுதி என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், அந்தப் பக்கம் போகக் கூடாது. சீட்டுப் போடுபவர்கள், பதிவுபெற்ற நிறுவனம்தானா என்று பார்த்துப் போட வேண்டும். ஆலோசனை தேவைப்பட்டால், செபியில் பதிவுபெற்ற ஆலோசகரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்பது நல்லது.

யாருக்கு ஓய்வு?

அந்தக் கோவைக் குடும்பத்தில், இத்தனை கணக்கையும் கேட்டுவிட்டு மனைவி இப்படிக் கேட்கக்கூடும்: “ஏனுங்க, நீங்க அம்பத்திரெண்டுல ரிட்டயர் ஆயிருவீங்க. இந்த அடுப்படியில இருந்து நான் எப்பங்க ரிட்டயர் ஆகறது?”

பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி இது. மாதம் 5,000 ரூபாய்ச் செலவைக் குறைப்பது என்று முடிவானால், அது பெரும்பாலும் எங்கே விழுகிறது? ஹோட்டல் சாப்பாடு நின்றால், சமைப்பது யார்? வேலைக்கு வரும் அக்காவை நிறுத்தினால், பாத்திரம் தேய்ப்பது யார்? கணவர் வீட்டில் இருக்க ஆரம்பித்தால், மூன்று வேளைச் சாப்பாட்டோடு பதினொரு மணி டீயும் சேர்ந்துகொள்ளும். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் முதுகில் ஏறக் கூடாது. செலவைக் குறைக்கும்போதே, வீட்டு வேலையைப் பங்குபோடுவதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பணமும் இருவர் பெயரிலும் சேர வேண்டும். மனைவியின் பெயரில் தனியாக பி.பி.எஃப், ஃபண்டு முதலீடுகள். எல்லாக் கணக்குகளுக்கும் நாமினி. எந்த வங்கியில், எந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரே நோட்டில் விவரம். பாஸ்வேர்டும் பாலிசி எண்ணும் கணவரின் போனுக்குள் மட்டும் இருக்கும் குடும்பம், எத்தனை கோடி சேர்த்தாலும் நிதிச் சுதந்திரம் பெற்ற குடும்பம் ஆகாது.

பெற்றோருக்கு அனுப்பும் 5,000 ரூபாயைப் பற்றியும் பேச வேண்டும். சில வெளிநாட்டு ‘ஃபயர்’ கணக்குகளில் அந்த வரியே இருக்காது. இங்கே அதுதான் நோட்டில் கடைசி வரை அடிபடாத வரி. அது வயதோடு கூடும் என்று எழுதிவைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். அதேபோல, தங்கள் ஓய்வுக்காலத்துக்குத் தாங்களே சேர்த்துவைக்கும் பெற்றோர், நாளை தங்கள் குழந்தையின் நோட்டிலிருந்து அந்த ஒரு வரியின் பாரத்தைக் குறைக்கிறார்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

பெரிதாக ஒன்றும் வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று போதும்.

1. கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஜிபே, போன்பே விவரங்களையும் எடுத்து, ஆண்டுச் செலவைக் கூட்டுங்கள். மொய்யும் பிரீமியமும் விடுபடக் கூடாது.

2. அதில் ஆயுள் முழுக்கத் தொடரும் செலவைத் தனியாகப் பிரித்து, 35-ஆல் பெருக்குங்கள்.

3. சம்பளத்தில் எத்தனை சதவிகிதம் மிச்சமாகிறது என்று பாருங்கள். 10 சதவிகிதம்தான் என்றால், அடுத்த சம்பள உயர்வில் பாதியைக் கண்ணில் படுவதற்கு முன்பே எஸ்.ஐ.பி-க்கோ ஆர்.டி-க்கோ திருப்பிவிடுங்கள்.

4. ஐந்து படிகளில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு மட்டும் தேதி போடுங்கள்.

5. இதையெல்லாம் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், அவர்களும் பக்கத்தில் இருக்கட்டும்.

நோட்டில் வரும் முதல் எண் 58 என்றோ 63 என்றோ இருக்கலாம். அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியின் பாரம் அன்றே கொஞ்சம் குறைந்துவிடும்.

அடுத்த வாரம்: வேலை மாறும்போது பி.எஃப் பணத்தை எடுக்கலாமா, புதுக் கணக்குக்கு மாற்றலாமா?